பதினேழாம் எண்

எட்டு மாதம் ஒரு வகுப்பறையின் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க முடியுமா? நம்மில் பாதிப் பேருக்கு எட்டு நிமிஷம் தாங்காது. ஹேமாவதியால் முடிந்தது. முடிந்தது மட்டுமா, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வருவாள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்க மாட்டாள். ஒன்று விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதாலும் எழுந்து போக மாட்டாள். கையில் ஒரு அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், மடியில் ஸ்டாப் வாட்ச். பத்து விநாடிக்கு ஒரு கோடு. ஆசிரியர் பேசினாரா, பிள்ளை பேசியதா, எந்தப் பிள்ளை, அல்லது எல்லோரும் வாய்மூடிக் கிடந்தார்களா. அதைக் குறிப்பதுதான் அவள் வேலை.

அவள் கல்வி உளவியலாளர். பெயர் பெரிசாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். எப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளின் மண்டையில் ஏறுகிறது, எப்படிச் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுகிறார்கள் என்று ஆராய்கிற படிப்பு. இருபத்தி இரண்டு வருஷமாக அதுவே அவளுக்குப் பிழைப்பு. சென்னையில் இருக்கும் ஒரு அறக்கட்டளை பழவேற்காடு ஏரியைச் சுற்றி இருபது பள்ளிகளில் நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தத் தன் செலவில் ஆசிரியர்களைப் போட்டிருந்தது. அவர்களில் யார் நன்றாக நடத்துகிறார்கள், யார் நடத்தவில்லை என்று பார்த்துச் சொல்ல ஹேமாவதியை அமர்த்தினார்கள். கடைசியாக வரும் ஐந்து பேரை மாற்றிவிடுவதாக முதலிலேயே சொல்லியும் விட்டார்கள்.

இருபது பள்ளிக்கு இருபது பார்வையாளர்கள். அத்தனை பேருக்கும் கையேடு எழுதியவள் ஹேமாவதி. பார்வையாளர் வகுப்பில் பேசக் கூடாது. பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாது, எண் போதும். ஆசிரியரோடு பழகக் கூடாது, அவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. பழகினால் கோடு கோணிவிடும். இப்படி இரண்டு பக்கத்துக்கு விதிகள். எழுதியவளே மீறலாமா? கோட்டைக்குப்பம் தாண்டி இருக்கிற ஒரு சின்னக் குப்பத்துப் பள்ளியைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டு, தன் விதிகளைத் தானே எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாள்.

அந்தக் குப்பத்தை அவள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது அவள் பிறந்த காட்டூருக்குப் பக்கம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் அங்கே போய்த் தங்கவில்லை. அப்பா எப்போதோ போய்விட்டார், அம்மா போன வருஷம். தம்பி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூரில் இருக்கிறான். தினம் சாயங்காலம் பூட்டின வீட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே போவதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை. கல்யாணம் என்று ஒன்று நடந்து மூன்று வருஷத்தில் முடிந்தும் போனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

குப்பத்தில் ஜெயம்மா வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். ஜெயம்மாவின் புருஷன் கோதண்டம் ஊர்ப் பெரியவர்களில் ஒருவர். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டதால் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிறவர்கள் யாரும் இல்லை. விதிப்படி அங்கே தங்கலாம். ஜெயம்மா பேச்சுக்கு அலைகிறவள். "சாப்ட்டியாமா? இன்னா கொழம்பு?" என்று ஆரம்பிப்பாள். "ஆச்சுக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள் ஹேமாவதி. உள்ளே அன்றைய தாள்களைக் கூட்டிப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தால் அது கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனிக்காரப் பெண்ணாக இருக்கும். அந்தப் பெண்ணிடம் ஒரு தடவை ஆறு நிமிஷம் பேசியிருக்கிறாள். தனிமையா என்றால், ஆமாம், தனிமைதான். அதை ஒழுங்கு என்று பெயர் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு நடத்திய பூவிழி அதே குப்பத்துப் பெண். இருபத்தெட்டு வயது. புருஷன் லோகேஷ் கடலுக்குப் போகிறவன். அந்தக் குப்பத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் ஆள் அவள்தான், அதனால் ஊருக்கே அவள் ‘எங்க டீச்சரு’. ஹேமாவதி வந்த முதல் நாள், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், பூவிழி தலைமை ஆசிரியை அறைக்கு ஒரு டம்ளர் டீயோடு வந்தாள்.

"வேணாம்மா. நான் எதுவும் வாங்கிக்கக் கூடாது" என்றாள் ஹேமாவதி.

"சரி மேடம். நான் எப்டி நடத்தறேன்னு ஒரு தபா சொல்லிடறேன், அப்பதான் ஒங்களுக்கு..."

"நீங்க சொல்லக் கூடாது. நான் பாக்கணும். எதுவா இருந்தாலும் கடைசியில பேசிக்கலாம்."

பூவிழி டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கடைசி என்பது எந்த நாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வகுப்பில் இருபத்தி நாலு பிள்ளைகள். பூவிழி நன்றாகத்தான் விளக்கினாள். ஒரு கூடை மடவை மீனை நாலு வீட்டுக்குப் பிரிப்பது, அரைக் கூடையில் பாதி எவ்வளவு என்பது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே கணக்கு சொன்னாள். ஆனால் கேள்வி கேட்டால் ஐந்தாறு பேர்தான் வாயைத் திறப்பார்கள். மற்றவர்கள் உதட்டைத் தைத்து வைத்ததுபோல உட்கார்ந்திருப்பார்கள். பதினேழாம் எண் பெண் ஒன்று இருந்தது. ஒல்லியான, பெரிய கண்ணுள்ள பிள்ளை. அதற்கு வார்த்தை வெளியே வர ஒரு முழு நிமிஷம் ஆகும். ஸ்டாப் வாட்சில் பார்த்தே சொல்லலாம், ஒரு தடவை எழுபத்தி இரண்டு விநாடி. அத்தனை நேரமும் பக்கத்தில் இருக்கிற ஒரு பிள்ளைகூட அதன் காதில் கிசுகிசுக்கவில்லை. எந்த வகுப்பில் ஐயா இப்படி நடக்கும்? ஒருத்தி திணறினால் நாலு பேர் முந்திக்கொண்டு கத்துவதுதானே பிள்ளைகள் குணம்!

ஹேமாவதி ‘மௌனம்’ என்ற கட்டத்தில் கோடு மேல் கோடாகப் போட்டாள். இரண்டாம் மாதமே அவளுக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். இது பயம். வாய் திறந்தால் என்ன நடக்குமோ என்ற பயம். தான் இல்லாத நேரத்தில் இந்தப் பெண் பிள்ளைகளை என்னமோ செய்கிறாள்.

ஜனவரியில் பரீட்சை. அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் வந்து மொத்த வகுப்பையும் பார்த்து முப்பது கேள்விகள் கேட்டாள். தெரிந்தவர்கள் கை தூக்க வேண்டும். முப்பது கேள்விக்கும் ஒரே ஆறு பேர்தான் கை தூக்கினார்கள். பாக்கிப் பதினெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு அந்த ஆறு பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது பள்ளியில் பூவிழியின் வகுப்பு இருபதாவதாக வந்தது. ஹேமாவதி அறிக்கையில் எழுதினாள்: ‘மாணவர்கள் ஆசிரியருக்கு அஞ்சுகின்றனர். விடை தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை.’ அந்த இரண்டு வரி பூவிழியின் வேலையைத் தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினாள். தாளில் என்ன இருக்கிறதோ அதுதானே நியாயம்.

பிப்ரவரி முதல் தேதியிலிருந்து பூவிழி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை போனது ஒரு பக்கம். அந்த இரண்டு வரி எப்படியோ குப்பத்துக்குள் கசிந்து, கசிந்த இடத்தில் கையும் காலும் முளைத்துவிட்டது. டீச்சர் பசங்களை அடிக்குமாம். கிள்ளுமாம். மேடம் ஒளிந்திருந்து பார்த்து எழுதிவிட்டாங்களாம். "இன்னாபா, உன் ஊட்டுக்காரம்மா பசங்கள அடிச்சினு இருந்துச்சாமே?" என்று படகில் ஒருத்தன் கேட்டு, லோகேஷ் அவன் சட்டையைப் பிடித்து, பெரிய ரகளை. பூவிழி தெருவில் நடமாடுவதையே விட்டுவிட்டாள்.

"ஈ எறும்புக்குக் கெடுதல் நெனைக்காத பொண்ணு அது" என்றாள் ஜெயம்மா ஒரு நாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. ஹேமாவதியைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதற்கப்புறம் குழம்பு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டாள். வேண்டாம் என்று கதவைச் சாத்திய பேச்சுத்தான். ஆனாலும் அது நின்றபோதுதான் ஹேமாவதிக்கு அது வேண்டியிருந்தது தெரிந்தது.

பூவிழி இடத்துக்குத் திருப்பாலைவனத்திலிருந்து கண்ணப்பன் வந்தார். சுறுசுறுப்பான மனுஷர். வந்த அன்றே கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டுவிட்டு, "யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியும்?" என்று கையைத் தட்டினார். வகுப்பு அமைதியாக இருந்தது. முன் வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

"சார், இன்னிக்கு யாரோட பாடு சார்?"

"பாடாவது கீடாவது! தெரிஞ்சவன் சொல்லு, அவ்ளோதான்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாம் எண் துணிந்து விடை சொன்னான். மறுநாள் அவனோடு இன்னும் இரண்டு பேர். ஒரு வாரத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. நாலு பேர் போட்டி போட்டுக்கொண்டு கத்தினார்கள், கண்ணப்பன் ஒவ்வொன்றுக்கும் "சபாஷ்" சொன்னார். ஹேமாவதியின் தாளில் பதில் கோடுகள் இரண்டு மடங்காகின. அந்த எண்ணிக்கையை வாராவாரம் சென்னைக்கு அனுப்பினாள். தான் எழுதியது சரிதான் என்று மனசைத் தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரிக் கடைசி சனிக்கிழமை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதுவரை அவள் தாளை மேலிருந்து கீழாகத்தான் கூட்டியிருந்தாள்: அன்றைக்கு மொத்தம் எத்தனை பதில், எத்தனை மௌனம். இப்போதுதான் முதல் தடவையாக இடமிருந்து வலமாக, ஒரு பிள்ளையின் வரிசையைப் பிடித்துக்கொண்டு போனாள். பதினேழாம் எண்ணுக்கு இந்த மாதம் முழுக்க ஒரு கோடுகூட இல்லை. சரி, முன்னால் எப்படி என்று பழைய தாள்களைப் புரட்டினாள். ஒரு நாள் வெறுமை, இரண்டாம் நாள் வெறுமை, மூன்றாம் நாள் வெறுமை, நாலாம் நாள் ஒரு கோடு. மறுபடி மூன்று நாள் வெறுமை, நாலாம் நாள் கோடு. பதினாறாம் எண்ணைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. ஐந்தாம் எண், இருபத்தொன்று, இரண்டு.

கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு எட்டு மாதத் தாளையும் தரையில் பரப்பினாள். இருபத்தி நாலு பிள்ளைகள், நாளுக்கு ஆறு பேர், நாலு நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளைக்கும். ஜனவரி முடிகிறவரை ஒரு நாள் பிசகவில்லை. ஒரு பிள்ளை வராமல் போன நாளில் அதன் கட்டம் சும்மா கிடந்தது. அதை வேறு எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளவில்லை. பயம் நாள் கணக்குப் பார்த்துக்கொண்டா வரும்? ஐயோ, இத்தனை நாளும் கண் முன்னால் இருந்ததே! கண்ணப்பன் வந்த அன்று ஒரு பையன் எழுந்து கேட்ட வார்த்தை அவளுக்கு ஞாபகம் வந்தது.

வெளியே ஜெயம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாடுன்னா இன்னா?"

ஜெயம்மா நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காட்டூரு பொண்ணுதான நீ? இத்தினி வயசுக்கு இது தெரியாதா?"

"எங்க வீட்ல நெல்லுதான்கா. ஏரியப் பத்தித் தெரியாது."

"ஏரியில எவன் வேணா எங்க வேணா வலை கட்டலாம்னு நெனச்சினு இருந்தியா? மீன் படற எடம் கொஞ்சம்தான் கீது. அதுக்கு ஊர்ல பேர எழுதிக் குலுக்கிப் போட்டு, இன்னிக்கு இவன், நாளைக்கு அவன்னு மொற வச்சிக்கிறாங்க. அதான் பாடு. உன் பாடு அன்னிக்கு அந்தத் தண்ணி உன்னோடது. மத்தவன் கரையில குந்தினு பாக்கலாம். மீன் கண்ணு முன்னால துள்ளினாலும் வலையத் தொடக் கூடாது."

"அன்னிக்கு அவனுக்கு ஒண்ணுமே படலன்னா?"

"படலன்னா படல. ஒருத்தன் வலை காலியா வருதுன்னு இன்னொருத்தன் போயி எறங்குவானா? தூ, அசிங்கம்! சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்."

ஹேமாவதி செருப்பைக்கூட மாட்டாமல் பூவிழி வீட்டுக்குப் போனாள். எட்டு மாதத்தில் அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. பூவிழி பின்பக்கம் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஹேமாவதியைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"கிளாஸ்ல பாடு வச்சிருந்தீங்களா?" என்றாள் ஹேமாவதி.

"ஆமா. ஸ்கூல் தொறந்த மொத வாரமே சீட்டுக் குலுக்கி வச்சிட்டேன். அப்ப நீங்க வரல." பூவிழியின் கை இறாலிலேயே இருந்தது. "முன்ன எல்லாம் நாலு வாயாடிப் பசங்க மத்ததுங்கள வாயத் தொறக்க வுடாதுங்க மேடம். பாடுன்னு சொன்னேன், அன்னியிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. கரையில நிக்கிறவன் சும்மாவா நிப்பான்? தண்ணியவே பாத்துனு இருப்பான். நாளைக்கு அவன் எறங்கணும்ல. பசங்களும் அப்டித்தான், வாயி மூடியிருக்கும், உள்ள கணக்குப் போட்டுனு இருக்கும். திவ்யான்னு ஒண்ணு கீது. அதுக்குப் பேச்சு வர ஒரு நிமிஷம் ஆவும். வேற எங்கனா அந்த ஒரு நிமிஷத்த அதுக்குக் குடுப்பாங்களா?"

"பதினேழு" என்றாள் ஹேமாவதி தன்னையறியாமல்.

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல." ஹேமாவதி பேச்சை மாற்றினாள். "பரீட்சை அன்னிக்காவது பசங்ககிட்ட எல்லாரும் சொல்லலாம்னு..."

"வெளிய இருக்கச் சொல்லிட்டாங்களே மேடம், அந்தம்மா. நான் எப்டி சொல்றது?"

"எங்கிட்ட முன்னாடியே..."

"சொல்ல வந்தேனே! டீ எடுத்தாந்தேன், ஞாபகம் கீதா? நீங்கதான சொல்லக் கூடாதுன்னீங்க. எட்டு மாசம் எனக்குப் பின்னாலயே குந்தினு இருந்தீங்க. ஒரு வார்த்த, ஏம்மா இப்டின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேக்கக் கூடாதுன்னு விதி."

"யாரு போட்ட விதி மேடம் அது?"

அறக்கட்டளை என்று சொல்லிவிடலாம். நொடியில் வாய்க்கு வந்தும் விட்டது. "நான்தான்" என்றாள் ஹேமாவதி.

பூவிழி கையில் இருந்த இறாலைத் தட்டில் போட்டாள். "வேலை போனா போவுது மேடம். பசங்க என்னப் பாத்து பயப்படுதுங்கன்னு எழுதிட்டீங்களே. என் மூஞ்சியப் பாத்தா அப்டியா தெரியுது?" என்று கேட்டுவிட்டு, முகத்தைப் புறங்கையால் மூடிக்கொண்டு அழுதாள். ஹேமாவதி நின்ற இடத்திலேயே நின்றாள். அழுகிறவர்களைத் தொட்டு ஆறுதல் சொல்லி அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

திங்கட்கிழமை அறக்கட்டளையின் சிவகுமாருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார், அப்புறம் பொறுமையை விட்டார்.

"மேடம், போன வாரம்தான் பதில் ரெண்டு மடங்குன்னு தாள் அனுப்புனீங்க. நாங்களும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம். இப்ப அந்தக் கணக்கே தப்புன்னா, மத்த பத்தொன்பது பள்ளிக் கதை என்ன?"

"தெரியல சார்."

"தெரியலன்னு சொல்றதுக்கா உங்களை வச்சோம்? இது வெளிய போனா உங்க பேரும் சேர்ந்துதான் போகும், யோசிச்சுக்கோங்க." அவர் குரலைத் தணித்தார். "வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கு, நான் வரேன். ஊர்க்காரங்க பழைய டீச்சரைக் கேட்டா அப்புறம் பாக்கலாம்."

அன்று சாயங்காலம் கோதண்டத்திடம் போய் நடந்ததைச் சொல்லி, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். கோதண்டம் தலையை ஆட்டினார். "எழுதறதெல்லாம் உன் ஆபீசுக்கும்மா. எங்க ஊர்ல ஒருத்தன் இன்னொருத்தன் பாட்டுல கை வச்சிட்டான்னா, ஊரு நடுவுல நின்னு அவன் வாயால சொல்லணும். தலையில துண்டு இருக்கக் கூடாது. குந்தினும் சொல்லக் கூடாது. நீ சொல்றியா?"

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பல்கலைக்கழகங்களில், கருத்தரங்குகளில், ஆயிரம் பேர் முன்னால் பேசியிருக்கிறாள். அங்கெல்லாம் பேசியது மற்றவர்கள் செய்த தப்புகளைப் பற்றி.

வியாழக்கிழமை வகுப்பறையிலேயே கூட்டம். அறுபது எழுபது பேர் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தன. சிவகுமார் நாற்காலியில் இருந்தார். பூவிழி லோகேஷுக்குப் பின்னால் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். கோதண்டம் கையைக் காட்டினார், ஹேமாவதி எழுந்து நின்றாள்.

"இந்தப் பசங்க டீச்சரைப் பாத்து பயப்படறாங்கன்னு எழுதினது நான்தான்" என்றாள். "அது பொய். வேணும்னு எழுதின பொய் இல்ல. ஆனா பொய்தான். பூவிழி ஒரு பிள்ளையக்கூட அடிச்சு நான் பாக்கல, அதட்டிப் பாக்கல. பசங்க அவங்கவங்க பாடு வரட்டும்னு காத்துகிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அத நான் பயம்னு எழுதிட்டேன். எட்டு மாசம் தினமும் வந்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்." சிவகுமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர் நடத்துற முறை நல்லதா கெட்டதான்னு எனக்கு இப்பவும் தெரியாது. அளக்கத் தெரியாம அளந்துட்டேன். மத்த பள்ளியிலயும் நான் சொன்ன மாதிரிதான் அளந்தாங்க. அந்தக் கணக்கையும் நம்ப வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். பூவிழி பேரை நான் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

பின்னாலிருந்து ஒரு அம்மா, "நான் அப்பவே சொன்னேன்ல!" என்றாள். அவள்தான் கிள்ளுகிற கதையைத் தெருத் தெருவாகக் கொண்டுபோனவள். எங்க டீச்சரே வேணும் என்று ஊர் ஒரே குரலில் கேட்டது. கண்ணப்பனைக் கோட்டைக்குப்பம் பக்கம் வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று சிவகுமார் ஒத்துக்கொண்டார்.

"நீ இன்னா சொல்றம்மா?" என்று கோதண்டம் பூவிழியைக் கேட்டார்.

பூவிழி எழுந்தாள். "வரேன் மாமா. ஆனா பின்னால யாரும் குந்தக் கூடாது." ஹேமாவதியை நேராகப் பார்த்தாள். "பசங்க பயப்படல மேடம். நான்தான் பயந்தேன். நீங்க பேனாவ எடுக்கறப்பல்லாம் எனக்குப் பேச்சு தடுமாறும். வூட்டுக்குப் போனாலும் அந்தப் பேனா சத்தந்தான் காதுல கேக்கும். இனிமே எனக்கு அது வேணாம். நீங்க வரக் கூடாது."

அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். எல்லோரும் ஹேமாவதியைப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. இதெல்லாம் முடிந்ததும் பூவிழி ஒரு டம்ளர் டீ கொடுப்பாள், தான் வாங்கிக் குடிக்கலாம், வகுப்பில் பாடு எப்படி நடக்கிறது என்று இந்தத் தடவை கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றெல்லாம் மூன்று நாளாக நினைத்து வைத்திருந்தாள்.

"சரி. வர மாட்டேன்" என்றாள்.

கூட்டம் அடுத்தபடியாகக் கழிவறைக் கதவின் உடைந்த தாழ்ப்பாளுக்குப் போனது. அதில் ஆளாளுக்கு அபிப்பிராயம் இருந்தது. ஹேமாவதி யார் காலையும் மிதிக்காமல் ஓரமாக நடந்து வெளியே வந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது. திவ்யா. ஜன்னலிலிருந்து குதித்து ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. வாயைத் திறந்து என்னமோ சொல்ல முயன்றது. வார்த்தை வரவில்லை. ஹேமாவதி படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். எத்தனை விநாடி ஆனதோ.

"அப்ப... நீ... ஊமை இல்லியா?"

ஹேமாவதிக்கு ஒன்றும் ஓடவில்லை. "யாரு சொன்னது ஊமைன்னு?"

"யாரும்... சொல்லல. நீ... பேசவே இல்லியே. எனக்கு மாதிரி... ஒனக்கும் பேச்சு... வரலன்னு..." திவ்யா எச்சில் விழுங்கிக்கொண்டது. "பொன்னியம்மன் கோயில்ல... வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம... வேண்டிகினேன். அந்தப் பின்பெஞ்சி டீச்சருக்குப் பேச்சு வரணும்னு. மொத ஒனக்கு... அப்பறம் எனக்குன்னு."

இருபத்தி நாலு பிள்ளைகளையும் பத்து விநாடிக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து எழுதினாளே, அந்த எட்டு மாதமும் ஒரு பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்காக யாராவது சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? அம்மா இருந்தவரை கேட்டிருப்பாள். ஹேமாவதிக்கு அழுகை பீறிட்டு வந்தது, அடக்கிக்கொள்ளவும் அவள் முயலவில்லை.

திவ்யா அவள் முகத்தையே பார்த்தது. "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு கண்ணு."

பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப... நாளைக்கு கிளாசுக்கு வந்து... எங்கூட பேசுவியா? நாளைக்கு என் பாடு. பூவிழி டீச்சர்... வந்துடும்ல."

"நாளைக்கு வர மாட்டேன்மா. நான் ஊருக்குப் போறேன்."

திவ்யாவின் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் யோசித்தது. இந்தத் தடவை வார்த்தை திணறாமல் ஒரே மூச்சில் வந்தது.

"பேச்சு வந்தவொடனே போறியே!"

ஹேமாவதி அதன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.